கணினி மாறியதும் பழைய ஹார்ட் டிஸ்க் 'அனுமதி இல்லை' என்பது ஏன்?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய விண்டோஸ் லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேசிங்கில் போட்டுப் புதிய லேப்டாப்பில் செருகியிருக்கிறார். டிஸ்க் தெரிகிறது, ஃபோல்டர்களும் தெரிகின்றன. ஆனால் தன் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. இரண்டு கணினியிலும் ஒரே பெயர், ஒரே மின்னஞ்சல், ஒரே பாஸ்வேர்டு. சர்வீஸ் கடையில் கேட்டதற்கு ஃபார்மட் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்களாம். கூடவே, இதே டிஸ்க்கை மனைவியின் மேக் கணினியிலும் பயன்படுத்த முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஃபார்மட் செய்தால் அந்தச் செய்தி வராதுதான். திறப்பதற்கு உள்ளே ஒன்றும் இருக்காதே! தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கின்றன.

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்ற பட்டியலும் உண்டு. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் எழுதப்படுவதில்லை, ஓர் எண்தான் எழுதப்படுகிறது. எஸ்-1-5-21 என்று தொடங்கி, மூன்று நீண்ட எண்கள் தொடர்ந்து, கடைசியில் 1001 போன்ற சிறிய எண்ணில் அது முடியும். நடுவில் உள்ள மூன்று நீண்ட எண்கள் விண்டோஸை நிறுவும்போது அந்தக் கணினிக்கென்றே உருவாகுபவை. கடைசியில் வருவது அந்தக் கணினியில் உங்கள் கணக்கின் வரிசை எண். உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு 500, நாம் உருவாக்கும் கணக்குகளுக்கு 1000-இலிருந்து மேலே.

வங்கியில் பெயர் எதுவாக இருந்தாலும் கணக்கு எண்தான் பேசும். இங்கேயும் அதே கதைதான். புதிய லேப்டாப்பில் அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வைத்தாலும், அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தாலும், விண்டோஸின் கண்ணுக்கு நீங்கள் வேறு ஆள். அதே கணினியில் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினாலும் இதுவே நடக்கும். ஒரே டொமைனில், அதாவது ஒரே சர்வரின் நிர்வாகத்தில் இணைந்த அலுவலகக் கணினிகளில் மட்டும் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே எண்ணை வழங்குவது சர்வர் என்பதால் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் உங்கள் எண் ஒன்றே. அலுவலகத்தில் எல்லாக் கணினியிலும் திறந்த டிஸ்க் வீட்டுக்கு வந்ததும் முரண்டு பிடிப்பதற்கு இதுவே காரணம்.

இதை நீங்களே பார்க்கலாம். அந்த ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் செக்யூரிட்டி என்ற பகுதிக்குப் போங்கள். பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் 'அக்கவுண்ட் அன்நோன்' என்ற சொற்களும் பக்கத்திலேயே அந்த நீண்ட எண்ணும் தெரிந்தால், அந்த எண் வேறு யாருமில்லை, பழைய லேப்டாப்பில் இருந்த நீங்கள்தான்.

அப்படியானால் கடையில் வாங்கிய பென் டிரைவும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றில் பல எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. அந்த அமைப்புகளில் உரிமையாளர் என்ற பேச்சே கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும், கணினியில் உள்நுழைந்த எல்லோருக்கும் வழிவிடும் அனுமதிதான் வழக்கமாக மேல்மட்டத்தில் இருக்கும். சிக்கல் வருவது உங்கள் டிஸ்க்கைப் போல விண்டோஸ் நிறுவப்பட்டிருந்த டிஸ்க்குகளில். அங்கே ஒவ்வொருவருடைய ஃபோல்டரும் அவருக்கும் நிர்வாகிகளுக்கும் மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கும். அனுமதிகளையும் சேர்த்தே நகலெடுக்கும் பேக்கப் மென்பொருள்கள் எழுதிய டிஸ்க்குகளிலும் இதைப் பார்க்கலாம்.

எதையாவது மாற்றுவதற்கு முன், இது உண்மையிலேயே அனுமதிச் சிக்கல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். செருகியவுடனேயே 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டால் அது விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு; டிஸ்க் முழுவதும், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் குறியீடு உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், அங்கே தேடுங்கள். ஃபோல்டர் திறந்து, கோப்பின் படத்தின் மேல் ஒரு சிறு பூட்டு தெரிந்தால் அது இஎஃப்எஸ், அதாவது கோப்புகளைத் தனித்தனியாகப் பூட்டும் விண்டோஸ் குறியாக்கம். அதைத் திறக்கும் சாவியான பழைய கணக்கின் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால், உரிமையாளரை நூறு முறை மாற்றினாலும் அந்தக் கோப்பு திறக்காது.

இன்னொன்று, இப்போதெல்லாம் அடிக்கடி கண்ணில் படுவது. படங்கள் ஃபோல்டர் திறக்கிறது, கோப்புப் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன, ஆனால் எதைத் திறந்தாலும் 'கிளவுட் ஃபைல் ப்ரொவைடர்' இயங்கவில்லை என்று ஒரு பிழை. இதற்கும் அனுமதிக்கும் தொடர்பே இல்லை. அந்தக் கோப்புகள் டிஸ்க்கில் இல்லை. இடத்தை மிச்சப்படுத்த, மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் அவற்றின் பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஒன்டிரைவில் உள்நுழைந்து அங்கிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் 'ரீட் ஒன்லி' என்பதற்கு எதிரே ஒரு கறுப்புச் சதுரம் இருப்பதைப் பார்த்து, அதுதான் குற்றவாளி என்று நினைத்து எடுத்துவிட்டு, மறுபடி திறந்தால் அது அப்படியே இருப்பதைக் கண்டு பொழுதைக் கழிப்பவர்கள் ஏராளம். ஃபோல்டர்களைப் பொறுத்தவரை அந்தச் சதுரத்துக்கு நீங்கள் நினைக்கும் பொருளே இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

சரி, அனுமதிச் சிக்கல்தான் என்று தெரிந்துவிட்டது. ஃபோல்டரைத் திறக்கும்போது, தற்போது அனுமதி இல்லை, நிரந்தரமாகப் பெற 'கன்டினியூ' அழுத்துங்கள் என்று விண்டோஸே ஒரு பொத்தானை நீட்டும். நிர்வாகி கணக்கில் இருந்தால் பெரும்பாலான நேரம் இது வேலை செய்துவிடும். உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்பின் பட்டியலிலும் உங்கள் புதிய எண்ணை அது எழுதிக்கொண்டே போகும். முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து நகரும். லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தால் நேரம் பிடிக்கும். பாதியில் லேப்டாப் தூங்கிப்போனாலோ வயரைப் பிடுங்கினாலோ சில கோப்புகள் திறக்கும், சில திறக்காது என்ற அரைகுறை நிலைமை வந்துவிடும். ஆகவே முதலில் சார்ஜரைச் செருகிவிட்டு, ஸ்லீப்பையும் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் உங்கள் நிலைமையில் நான் அந்தப் பொத்தானை அழுத்த மாட்டேன். அந்த டிஸ்க் பழையது. அதில் எதையும் மாற்றி எழுதாமல், உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற கட்டளை இருக்கிறது. தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை.

கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் ப்ராம்ப்ட்) 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று கொடுத்துத் திறங்கள். ரோபோகாப்பி என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, அடுத்து எடுக்க வேண்டிய ஃபோல்டரின் பாதை, அடுத்து போட வேண்டிய ஃபோல்டரின் பாதை. பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். மூடும் மேற்கோளுக்கு முன்னால் பின்சாய்கோடு வரக்கூடாது, வந்தால் கட்டளை குழம்பிவிடும். அதன் பிறகு, கட்டளை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஐந்து சுவிட்சுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாய்கோடு. 'இ' என்ற எழுத்து உட்ஃபோல்டர்களையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறது. 'பி' என்பதுதான் மந்திரச்சாவி: பேக்கப் முறையில் படி என்று பொருள். பேக்கப் எடுப்பவர் எல்லாக் கோப்பையும் படித்தாக வேண்டும் என்பதால் நிர்வாகிக்கு விண்டோஸ் ஒரு தனி உரிமை வைத்திருக்கிறது. அந்த உரிமையில் படிக்கும்போது அனுமதிப் பட்டியல் குறுக்கே நிற்காது. 'எக்ஸ்ஜே' என்ற இரண்டு எழுத்துகள் ஜங்ஷன்களைத் தவிர்க்கச் சொல்பவை. ஜங்ஷன் என்றால் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். கடைசியாக, 'ஆர்' எழுதி முக்காற்புள்ளி போட்டு 1, 'டபிள்யூ' எழுதி முக்காற்புள்ளி போட்டு 1: ஒரு முறை மட்டும் மறுபடி முயல், அதற்கு முன் ஒரு விநாடி காத்திரு என்று பொருள். இவற்றை மறக்கவே கூடாது. படிக்க முடியாத கோப்பு ஒன்று வந்தால் ரோபோகாப்பி தன் இயல்பில் 30 விநாடிக்கு ஒரு முறை என்று 10 லட்சம் முறை முயன்றுகொண்டே இருக்கும். இரவில் ஓடவிட்டுக் காலையில் எழுந்து பார்த்தால் அதே கோப்பில் நின்றுகொண்டிருக்கும்.

இந்த முறையில் இன்னொரு வசதி உண்டு. ரோபோகாப்பியிடம் தனியாகக் கேட்டால் ஒழிய அது பழைய அனுமதிப் பட்டியலை நகலெடுக்காது. கோப்புகள் புதிய இடத்தின் அனுமதியை ஏற்றுக்கொள்கின்றன. பழைய எண் பழைய டிஸ்க்கோடு போய்விடும். முடிந்ததும் கீழே ஒரு அட்டவணை வரும். அதில் 'ஃபெயில்டு' என்ற நிரலில் சுழியம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சில பெரிய வீடியோக்களையும் படங்களையும் திறந்து பாருங்கள். பிரவுசரின் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்தால் புக்மார்க்குகள் வந்துவிடும். ஆனால் அதில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை, அவை இந்த வழியில் வரா.

ஜங்ஷன் என்றேன். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி வைத்திருந்தால், 'டாகுமென்ட்ஸ் அண்டு செட்டிங்ஸ்', 'அப்ளிகேஷன் டேட்டா', 'மை பிக்சர்ஸ்' என்ற பெயர்களில் மங்கலான ஃபோல்டர்கள் தெரியும். எதைச் செய்தாலும் அவை திறப்பதில்லை என்று பலர் புலம்புவதைப் பார்க்கிறேன். திறக்காமல் இருப்பதுதான் அவற்றின் வேலை. பழைய மென்பொருள்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் வழிகாட்டிகள் அவை. உள்ளே ஒன்றும் இல்லை. அதுமட்டுமல்ல, அவை காட்டும் பாதை சி டிரைவ் என்றே எழுதப்பட்டிருக்கும். இப்போது உங்கள் சி டிரைவ் புதிய லேப்டாப்பினுடையது. பழைய டிஸ்க்கின் வழிகாட்டியைப் பின்தொடர்ந்து கட்டளை புதிய கணினியின் ஃபோல்டர்களில் கைவைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

டிஸ்க்கிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தாலோ ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் எடுத்தாலோ அது வேறு வியாதி. அப்போது அனுமதிகளை மாற்ற முயல்வது ஆபத்து. ஒவ்வொரு மாற்றமும் டிஸ்க்கில் எழுதப்படும் வேலை. அதோடு மல்லுக்கட்டாமல் நிறுத்திவிட்டுத் தரவு மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். டிஸ்க் நன்றாக இருந்து, விண்டோஸ் மட்டும் அடம் பிடித்தால் வேறொரு வழியும் உண்டு: உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். லினக்ஸ் தன் இயல்பில் விண்டோஸின் அனுமதிப் பட்டியலைச் சட்டை செய்வதில்லை. எல்லா ஃபோல்டரும் கேள்வி கேட்காமல் திறக்கும். இதிலிருந்து ஒன்று புரியும். அனுமதி என்பது விண்டோஸ் மதித்து நடக்கும் ஒரு விதி, அவ்வளவுதான். ரகசியமான கோப்புகளுக்கு அதைப் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். அதற்குக் குறியாக்கம் வேண்டும்.

ஒரு வேளை அந்த டிஸ்க்கையே தொடர்ந்து எக்ஸ்டர்னலாகப் பயன்படுத்தப் போகிறீர்கள், நகலெடுக்க வேறு இடமும் இல்லை என்றால், உரிமையாளரை மாற்றித்தான் ஆக வேண்டும். ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, அதில் அட்வான்ஸ்டு. மேலே 'ஓனர்' என்பதற்கு எதிரே 'சேஞ்ச்'. இங்கேதான் எல்லோரும் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். எழுதினால் வேலை நடக்கும். ஆனால் அடுத்த முறை கணினி மாற்றும்போது இதே கதை முதலிலிருந்து தொடங்கும். உங்கள் பெயருக்குப் பதிலாக 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்று பன்மையில் எழுதுங்கள். அது ஒரு குழு. அதன் எண் எஸ்-1-5-32-544. உலகத்தில் எந்த விண்டோஸ் கணினியை எடுத்தாலும் அந்தக் குழுவுக்கு இதே எண்தான். கீழே உள்ள 'ரிப்ளேஸ் ஓனர்' கட்டத்தையும் டிக் செய்தால் உட்ஃபோல்டர்களுக்கும் சேர்த்து மாறும்.

சாளரத்தை ஒரு முறை மூடித் திறந்தபின், 'ஆட்' கொடுத்து 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்ற குழுவைச் சேர்த்து, அதற்கு 'மாடிஃபை' அனுமதி கொடுங்கள். இதன் எண்ணும் எங்கும் ஒன்றே, எஸ்-1-5-11. கணினியில் முறையாக உள்நுழைந்த எவரும் என்பது அதன் பொருள். கடைசியாக, உட்ஃபோல்டர்களின் அனுமதிகளை நீக்கிவிட்டு இதையே பின்பற்றச் சொல்லும் 'ரிப்ளேஸ் ஆல் சைல்டு' என்று தொடங்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். இனி அந்த ஃபோல்டர் எந்த விண்டோஸிலும் திறக்கும். டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் திறக்கும் என்பதையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

கோப்புகள் மிக அதிகமாக இருந்தால் இதையே கட்டளையாகக் கொடுப்பது சிரமம் குறைவு. 'டேக்', 'ஓன்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி எழுதினால் உரிமையைக் கைப்பற்றும் கட்டளை. அதில் 'ஏ' சுவிட்ச் போட்டால் உங்கள் பெயருக்குப் பதில் நிர்வாகிக் குழுவின் பெயரில் பதியும். அனுமதிகளுக்கு ஐ, சி, ஏ, சி, எல், எஸ் என்ற ஆறு எழுத்துக் கட்டளை. அதில் 'சேவ்' கொடுத்து இப்போதைய அனுமதிகளை ஒரு கோப்பில் எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு 'ரீசெட்' கொடுங்கள். எதைச் செய்தாலும் உங்கள் ஆவணங்கள் உள்ள ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள். அந்த டிஸ்க்கிலிருந்து மீண்டும் விண்டோஸைத் தொடங்கும் எண்ணம் இருந்தால் மொத்த டிஸ்க்கின் மேல் இதை ஓட்டாதீர்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கென்று தனி உரிமையாளர் இருக்கிறார், அவரை மாற்றினால் அது தடுமாறும். இணையத்தில் சுற்றும் 'வலது கிளிக்கில் உரிமை பெறுங்கள்' வகைக் குறுக்குவழிகளில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கும் இதுதான் காரணம். எந்த ஃபோல்டர் என்று யோசிக்க அவை இடம் கொடுப்பதில்லை.

லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுபவர்களுக்கு இதே நோய் லேசாக வரும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 அமைப்பிலும் எழுதப்படுவது எண்தான். உபுண்டு போன்றவற்றில் முதல் பயனருக்கு 1000 என்பது வழக்கம், ஆகவே பலருக்குச் சிக்கலே தெரியாது. இரண்டாவது பயனராக 1001-இல் இருந்தவர் புதிய கணினியில் 1000 ஆனால்தான் தெரியும். சி, ஹெச், ஓ, டபிள்யூ, என் என்ற ஐந்தெழுத்துக் கட்டளையால் உரிமையாளரை மாற்றினால் போதும். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-ஐக் கொடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு படமும் ஓடக்கூடிய நிரலாக மாறி நிற்கும், வேறு கணினிகளுக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் சாவிகள் ஊருக்கே திறந்திருப்பதாகச் சொல்லி வேலை செய்ய மறுக்கும்.

இனி மேக். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. அது அனுமதிப் பிழை அன்று, ஆப்பிள் அந்த வசதியைத் தரவில்லை. ஆகவே மனைவி படங்களைப் பார்க்க மட்டும் வேண்டும் என்றால் இப்போதே செருகலாம். இருவரும் எழுத வேண்டும் என்றால் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் ஃபார்மட்டுக்கு வேலை, எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்துச் சரிபார்த்த பிறகு. எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளர் இல்லை என்பதால் கணினி எத்தனை மாறினாலும் இந்தச் செய்தி வராது. அதன் பலவீனம் வேறு: மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஜர்னல் அதில் இல்லை, எழுதிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் என்டிஎஃப்எஸ்ஸைவிட அதிகம் அடிபடும். இஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றும் பழக்கம் வீட்டில் இருவருக்கும் வேண்டும்.

மேக் வடிவில் ஃபார்மட் செய்த டிஸ்க் இன்னொரு மேக்கில் முரண்டு பிடித்தால், டிஸ்க்கைத் தேர்ந்து 'கெட் இன்ஃபோ' திறந்து, அடியில் உள்ள 'இக்னோர் ஓனர்ஷிப் ஆன் திஸ் வால்யூம்' கட்டத்தை டிக் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் எழுதிய டிஸ்க்கில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அதைத் திறக்க மேக்கிலேயே மைக்ரேஷன் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் இருக்கிறது.